பாரத்நெட் பணம் உங்கள் தெரு வரை வர என்ன செய்ய வேண்டும்? கிராம பிராட்பேண்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் சுமார் 12,500. அவற்றுக்குள் அடங்கும் குக்கிராமங்கள் 79 ஆயிரத்துக்கும் மேல். கிராமங்களுக்கு பைபர் இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய பணம் முதல் எண்ணைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. நம்மில் பலர் குடியிருப்பது இரண்டாவது எண்ணில். "எங்க ஊருக்கு பாரத்நெட் வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், எங்க தெருவுல வாட்ஸ்அப் கால் கூட நிக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை. பேப்பரும் பொய் சொல்லவில்லை. கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வந்திருக்கும், அதோடு நின்றிருக்கும்.

அங்கிருந்து தெருவுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஊராட்சி செயலர், வார்டு உறுப்பினர், ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவர், வீட்டிலிருந்து வேலை பார்க்க நினைத்து ஊருக்குத் திரும்பியவர் எல்லோருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டை வைத்தே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் செயல்படுத்தும் நிறுவனத்தின் பெயர் மாறும், நடைமுறை பெரிதாக மாறாது.

முதலில், பணம் எந்த வழியில் வருகிறது?

இது தெரியாமல் மனு போட்டால் மனு அலுவலகம் அலுவலகமாக அலையும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாய்) 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாக அரசுக்குக் கட்டுகின்றன. அந்த எட்டில் ஐந்து கிராமப்புறச் சேவைக்கென்று ஒதுக்கப்படுகிறது. அதாவது நிறுவனத்தின் கணக்கில் 100 ரூபாய் வருவாய் என்றால் 5 ரூபாய் இதற்கு. 2002 ஏப்ரல் முதல் இந்த வசூல் நடக்கிறது. முன்பு இதற்கு யூ.எஸ்.ஓ. நிதி (எல்லோருக்கும் தொலைத்தொடர்புச் சேவை தரும் கடமைக்கான நிதி) என்று பெயர். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு, 2024 முதல் டிஜிட்டல் பாரத் நிதி. நீங்கள் மாதாமாதம் போடும் ரீசார்ஜிலிருந்து போகும் பணம் இது. மனு கொடுக்கும்போது சலுகை கேட்கிற குரலில் பேச வேண்டியதில்லை.

வசூலாகும் பணம் நேராக இந்தத் திட்டத்துக்குப் போய்விடாது. முதலில் மத்திய அரசின் தொகுப்பு நிதியில் சேரும். பிறகு நாடாளுமன்ற ஒதுக்கீட்டின் வழியே நிதிக்கு வரும். வசூலானதற்கும் செலவானதற்கும் இடையே பெரிய தொகை தேங்கிக் கிடந்தது பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட விஷயம்.

இந்த நிதியின் பெரிய செலவு பாரத்நெட். 2011 அக்டோபர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதன் பெயர் தேசிய ஆப்டிகல் பைபர் நெட்வொர்க். மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய், இலக்கு 2.5 லட்சம் ஊராட்சிகள், கெடு இரண்டே ஆண்டு. கெடு என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. 2017 டிசம்பரில்தான் முதல் கட்டம் ஒரு லட்சம் ஊராட்சிகளைத் தொட்டது. 2017-இல் இரண்டாம் கட்டம், 2021-இல் 16 மாநிலங்களுக்குத் தனியார் பங்கேற்புத் திட்டம் (இதற்கு டெண்டர் போட ஆள் வரவில்லை) என்று போய், 2023 ஆகஸ்டில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒப்புதலானது.

தமிழ்நாடு இரண்டாம் கட்டத்தைத் தானே செய்வதாக எடுத்துக்கொண்டது. அதற்காக 2018-இல் தொடங்கப்பட்டதுதான் டான்பிநெட் என்கிற தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். திட்ட மதிப்பு சுமார் 1,815 கோடி. முதலில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் சிலருக்குச் சாதகமாக இருப்பதாகப் புகார் எழுந்து, 2020 ஜூனில் மத்திய அரசு அதை நிறுத்தி மறு டெண்டர் விடச் சொன்னது. அதில் ஓடிப்போன காலம் போக, 2022-இல்தான் வேலை ஆரம்பித்தது.

ஆக, பணம் டெல்லியிலிருந்து செயல்படுத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. ஊராட்சியின் வங்கிக் கணக்குக்கு ஒரு பைசாவும் வராது. "எங்கள் ஊருக்கு பிராட்பேண்ட் நிதி ஒதுக்குங்கள்" என்று எழுதுகிற மனுக்கள் பதிலில்லாமல் போவதற்கு இதுதான் காரணம். நீங்கள் கேட்க வேண்டியது இணைப்பை, பழுது நீக்கத்தை, நீட்டிப்பை.

படி 1: சேவை மையத்துக்குள் போய்ப் பாருங்கள்

அரசின் ஆவணங்களில் "சேவைக்குத் தயார்" என்று ஒரு சொல் வரும். நாடு முழுக்க 2.14 லட்சம் ஊராட்சிகள் அந்தப் பட்டியலில் உண்டு. கேபிள் வந்து கருவியின் விளக்கு ஒருமுறை எரிந்துவிட்டால் அந்தப் பெயர் கிடைத்துவிடும். இன்றைக்கு அது எரிகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை இணையதளத்தில் கிடைக்காது, நேரில் போக வேண்டும்.

கிராம ஊராட்சி சேவை மையத்திலோ, அது இல்லாத ஊரில் வேறு அரசுக் கட்டடத்திலோ ஒரு இரும்பு ரேக் இருக்கும். உள்ளே ரூட்டர், யூபிஎஸ், பேட்டரி. ரேக்குக்கு மேலே கருப்பு கேபிள் சுருள் தொங்கும். கவனிக்க வேண்டியவை இவை: ரேக்குக்கு மின்சாரம் வருகிறதா, அல்லது யாராவது பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேனுக்குப் போட்டிருக்கிறார்களா? மின்சாரத்தை நிறுத்தினால் பேட்டரி தாங்குகிறதா? ரூட்டரில் பைபர் செருகியிருக்கும் போர்ட்டின் விளக்கு எரிகிறதா? கருவி மீது ஒட்டியிருக்கும் எண்ணையும் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லா மனுவுக்கும் தேவைப்படும். கருவிகளில் கை வைக்காதீர்கள். செயலரை அழைத்துக்கொண்டு அவர் முன்னால் பாருங்கள்.

பாதி ஊர்ப் பிரச்சினை இந்த அறையிலேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். பூட்டிக் கிடக்கும் கட்டடம், கட்டாத மின் கட்டணம், செத்துப்போன பேட்டரி ஆகியவற்றுக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. தடையில்லா மின்சாரத்தை உறுதிசெய்வதும் கருவிகளைப் பாதுகாப்பதும் ஊராட்சி செயலரின் பொறுப்பு என்று மாவட்ட ஆட்சியர்களின் அறிவிப்புகளிலேயே இருக்கிறது.

அதே அறிவிப்புகளில் இன்னொரு வரியும் வரும்: கண்ணாடி இழை கேபிளில் உலோகம் எதுவும் கிடையாது, அதற்கு மறுவிற்பனை மதிப்பில்லை. செம்புக் கம்பி என்று நினைத்து அறுத்துக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதியது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் இதை ஒருமுறை போட்டு வைப்பது நல்லது.

படி 2: ஊரின் சரியான பெயரை எடுங்கள்

அற்ப விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஏராளமான மனுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. நாம் ஊரை அழைக்கும் பெயர் ஒன்று, வருவாய் கிராமத்தின் பெயர் இன்னொன்று, ஊராட்சியின் பெயர் மூன்றாவதாக ஒன்று. திருத்திய பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் கேட்பின் பேரில் இணைப்பு தர இடமிருக்கிறது. "கேட்பின் பேரில்" என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத ஊருக்குத் தானாக வராது. கேட்கும்போது "மேலத்தெரு காலனி" என்று மட்டும் எழுதினால் அவர்கள் பட்டியலில் அப்படி ஒரு ஊரே இருக்காது. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு இணையதளத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் கிராமத்துக்கும் எல்ஜிடி எண் என்று ஒன்று உண்டு. ஊராட்சி, ஒன்றியம், வருவாய் கிராமம், எல்ஜிடி எண், அதன் பிறகு குக்கிராமம் என்ற வரிசையில் எழுதுங்கள்.

போன் சிக்னலே இல்லாத மலைக் கிராமம் என்றால் வழி வேறு. 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாயில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கோபுரம் அமைக்கும் திட்டம் ஒப்புதலாகி பிஎஸ்என்எல் வசம் கொடுக்கப்பட்டது. பணமும் அதே நிதியிலிருந்துதான். அங்கே நீங்கள் கேட்க வேண்டியது கோபுரத்தை. காட்டுக்குள் கேபிள் இழுக்க வனத்துறை அனுமதி வாங்குவது நீண்ட கதை. முதலில் சிக்னல் வரட்டும்.

படி 3: தகவல் உரிமை மனு

யாரையும் குறை சொல்ல இது வேண்டாம். பேச்சுவார்த்தைக்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும், அதற்காக. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். டான்பிநெட் மாநில நிறுவனம் என்பதால் தமிழ்நாடு அரசின் தகவல் உரிமை இணையதளத்தில் போடலாம். பிஎஸ்என்எல், தொலைத்தொடர்புத் துறை என்றால் மத்திய இணையதளம். இதை மாற்றிப் போட்டால் மனு சுற்றி வரும்.

"ஏன் இணையம் வரவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆவணத்தில் இருப்பதை மட்டும்தான் தர வேண்டும். இப்படிக் கேளுங்கள்:

"எங்கள் ஊராட்சிக்கு இணைப்பு நிறுவி முடித்த தேதியும் முடிப்புச் சான்றின் நகலும்."
"கடந்த 12 மாதங்களில் இந்த இணைப்பு மாதவாரியாக எத்தனை மணி நேரம் செயல்பட்டது என்ற பதிவு."
"பராமரிப்பு ஒப்பந்ததாரர் யார், பழுதை எத்தனை மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உள்ளது, தாமதத்துக்கு அபராதம் பிடிக்கப்பட்டதா என்ற விவரம்."
"எங்கள் ஊராட்சியில் பயன்படுத்தப்படாமல் இருக்கும் பைபர் இழைகளின் எண்ணிக்கை."

கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். ஒரு கேபிளுக்குள் பல இழைகள் போகும். ஊராட்சிக் கருவிக்குத் தேவை சிலதே. மீதி சும்மா கிடந்தால், வீடுகளுக்கு இணைப்பு தர வருகிற நிறுவனம் அவற்றைக் குத்தகைக்குக் கேட்க முடியும். பதில் வரவில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

படி 4: கிராம சபையில் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்த இடங்களில் தனி அலுவலர் பொறுப்பில் கூடும். தீர்மானம் போட அது தடையில்லை.

தீர்மானம் கோரிக்கையாக மட்டும் இருந்தால் கோப்பில் தூங்கும். ஊர் தன் பங்குக்கு என்ன தருகிறது என்பதையும் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"……… ஒன்றியம், ……… ஊராட்சி (எல்ஜிடி எண் ………) கிராம சபை இன்று ஒருமனதாகத் தீர்மானிப்பது: பாரத்நெட் திட்டத்தில் எங்கள் ஊராட்சி சேவை மையத்துக்கு வழங்கப்பட்ட இணைப்பைத் தொடர்ந்து செயல்படச் செய்ய வேண்டும். திருத்திய பாரத்நெட் திட்டத்தின்படி ……… , ……… ஆகிய கிராமங்களுக்கு இணைப்பை நீட்டித்துத் தர வேண்டும். ……… அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் ……… ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும். கருவிகளுக்கு அறையும் மின் இணைப்பும் ஊராட்சி வழங்கும். இணைப்பு பெற விரும்பும் ……… குடும்பங்களின் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

பள்ளியையும் சுகாதார நிலையத்தையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிராமப்புறங்களில் உள்ள எல்லா அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரத்நெட் வழியே பிராட்பேண்ட் தரப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் உரையிலேயே அறிவித்திருக்கிறார்கள். பள்ளி உங்கள் குக்கிராமத்துப் பக்கம் இருந்தால், பள்ளிக்கு வரும் கேபிள் உங்கள் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

குடும்பங்களின் பட்டியல்தான் இந்தக் காகிதத்தின் உயிர். பெயர், தெரு, மாதம் எவ்வளவு வரை கட்டத் தயார் என்று எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தையாக "எல்லாரும் போடுவாங்க" என்பதை எந்த நிறுவனமும் நம்பாது. நகல்கள் வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியர், டான்பிநெட், உங்கள் பகுதி பிஎஸ்என்எல் பொது மேலாளர் ஆகியோருக்கு. ஆட்சியரிடம் திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

படி 5: அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு

இங்கே ஊருக்குள் ஒருவர் தொழிலாக எடுத்துச் செய்தால்தான் நடக்கும். திருத்திய பாரத்நெட் திட்டம் ஐந்து ஆண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதைச் செய்ய பாரத்நெட் உத்யமி என்ற பெயரில் உள்ளூர்க்காரர்களை பிஎஸ்என்எல் சேர்க்கிறது. வீடு வரை கேபிள் இழுப்பது, மோடம் வைப்பது, பழுது பார்ப்பது உத்யமியின் வேலை. மாத வருவாயில் அவருக்குப் பங்கு. டான்பிநெட்டும் இதுபோல உள்ளூர்ப் பங்குதாரர்களுக்கு அவ்வப்போது அழைப்பு விடுகிறது. ஏற்கெனவே கேபிள் டிவி நடத்துகிறவருக்கு இது இயல்பாகப் பொருந்தும்: கம்பமும் ஏணியும் வாடிக்கையாளரும் அவரிடம் இருக்கிறார்கள். ஆனால் உரிமம் உள்ள நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாமல் ஒரு இணைப்பை வாங்கிப் பத்து வீட்டுக்குப் பிரித்து விற்பது சட்டப்படி தவறு. மின்வாரியக் கம்பத்தில் கட்டவும் அனுமதி வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள். வருவாய்ப் பங்கு எந்தத் தேதியில் வரும்? நிறுவனத்தின் பக்கத்தில் இணைப்பு போய் வாடிக்கையாளர் பணம் கட்ட மறுத்தால் நட்டம் யாருக்கு? விலகினால் நீங்கள் இழுத்த கேபிள் யாருடையது? பங்கு சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அது தாமதமாக வந்தால் எந்தச் சதவீதமும் கடன் வட்டிக்கு ஈடாகாது.

ஒளி அளவுக் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். ஓஎல்டி கருவியிலிருந்து (வீடுகளுக்கு பைபர் வழியே ஒளியை அனுப்பும் தலைமைக் கருவி) கிளம்பும் ஒளி, பிரிப்பான்களிலும் தூரத்திலும் குறைந்துகொண்டே போகும். எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று சுமார் 10.5 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) தின்னும். இரண்டு அடுக்காக எட்டு, எட்டு என்று போட்டால் 64 வீடு, இழப்பு 21 டெசிபல். கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல், 5 கிலோமீட்டருக்கு 1.75. ஒட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் 2 வைத்துக்கொள்வோம். கூட்டினால் ஏறக்குறைய 25. வழக்கமான கருவிகள் 28 வரை தாங்கும். மிச்சம் மூன்று டெசிபல் தாராளம் மாதிரி தோன்றும்; இரண்டு மழைக்காலம் போய், அறுந்த இடங்களில் நாலைந்து ஒட்டு விழுந்த பிறகு பாருங்கள். வேலை முடித்த அன்றே ஒவ்வொரு வீட்டிலும் பவர் மீட்டரால் அளந்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மீட்டர் (டிபிஎம் அலகில்) மைனஸ் 25-க்குக் கீழே காட்டுகிற வீடு சீக்கிரமே உங்களுக்கு போன் போடும். மோடத்தில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்துப் போடுவதில் பயனில்லை.

வீட்டு இணைப்புக்கு ஆள் சேராத சிறிய குக்கிராமமா? பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒப்புதலானது. பழைய எஸ்டிடி பூத் மாதிரி, பெட்டிக்கடைக்காரர் ஒரு ரூட்டர் வைத்து வைஃபை கூப்பன் விற்கலாம். அவருக்கு உரிமமும் வேண்டாம், உரிமக் கட்டணமும் இல்லை. பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் போதும். வீட்டு இணைப்பை இதற்குத் தர மாட்டோம், விலை அதிகமான தனி லைன்தான் எடுக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லிவந்ததால் திட்டம் தள்ளாடியது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு உச்சவரம்பு போட்டது: 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புக்கு, வீட்டு வாடிக்கையாளரிடம் வாங்குவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. யாராவது லட்சத்தில் விலை சொன்னால் இந்த உத்தரவைக் காட்டுங்கள்.

படி 6: வந்த பிறகு அறுபடாமல் பார்ப்பது

தமிழ்நாட்டில் பாரத்நெட் கேபிளில் சுமார் 85 சதவீதம் மின்கம்பத்தின் மேலேயும் 15 சதவீதம் மண்ணுக்குக் கீழேயும் போகும்படி திட்டமிட்டார்கள். செலவும் நேரமும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் புயலில் கம்பம் சாய்ந்தால் இணையமும் சாயும். மரக்கிளை வெட்டுகிறவர், கம்பம் மாற்றுகிறவர், உயரமாக வைக்கோல் ஏற்றி வருகிற லாரி எல்லாமே ஆபத்து. உங்கள் ஊர் எல்லைக்குள் கேபிள் போகும் கம்பங்களின் எண்களை வரிசையாக எழுதி ஒரு தாள் சேவை மையச் சுவரில் ஒட்டி வையுங்கள். "எங்கேயோ அறுந்திருக்கு" என்று சொல்வதற்கும், எந்த எண் கம்பத்துக்கும் எந்த எண் கம்பத்துக்கும் இடையில் தொங்குகிறது என்று சொல்வதற்கும் பழுது நீக்கும் நேரத்தில் ஒரு நாள் வித்தியாசம் வரும்.

மண்ணுக்குள் போகும் பகுதிக்கு எதிரி ஜேசிபி. தோண்டும் வேலைகளால் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை கேபிள் அறுபடுவதாகவும், நட்டம் 3,000 கோடி ரூபாய் என்றும் மத்திய அரசே கணக்குச் சொல்கிறது. தோண்டும் முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் போவதற்காக 2023 மார்ச்சில் "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலி வந்தது. ஊராட்சி விடுகிற குடிநீர்க் குழாய், சாக்கடை வேலைகளின் ஆணையிலேயே, இந்தச் செயலியில் பதிவு செய்த பிறகே தோண்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானமாகப் போட்டுவிட்டால் ஒப்பந்ததாரர் மறுக்க வழியில்லை.

பழுதுக்குப் புகார் செய்யும்போது எண் இல்லாத புகார் புகாரே இல்லை. பிஎஸ்என்எல் வீட்டு இணைப்பு என்றால் 1800-4444. பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணை வைத்தே போங்கள். ஊராட்சி இணைப்பு என்றால் செயலர் வழியாக டான்பிநெட்டுக்கு. அங்கும் அசையவில்லை என்றால் முதல்வர் உதவி மையம் 1100, அல்லது மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம். வேகம் குறைவு என்ற புகாருக்கு ஒரு குறிப்பு: 2023 ஜனவரி முதல் இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்ல குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் வேண்டும், அதற்கு முன் 512 கேபிபிஎஸ் இருந்தாலே போதும். சட்டத்தின் வரையறை அவ்வளவு கீழே இருப்பதால் அதை வைத்து வாதாடாதீர்கள். உங்கள் திட்டத்தில் எழுதியிருக்கும் வேகத்தை வைத்து வாதாடுங்கள். வைஃபையில் அளக்காமல், மோடத்திலிருந்து லேன் கேபிளைக் கணினியில் செருகி அளந்த படத்தோடு.